ஒன்பது காலைகளும் ஒரு திறப்பும்

டிசம்பர் பதினெட்டாம் திகதி, காலை ஐந்தேகால் மணி. பேர்னுக்கு அருகே, துன் நகரத்தில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் பின்பக்கம், நிலவறைச் சலவைக்கூடத்தின் கதவுக்கு முன்னால் பூட்டுத் திறப்புக் கோர்வையோடு நின்றேன். ஏரிப் பக்கமிருந்து வந்த குளிர் காதைக் கடித்தது. என்னைச் சுற்றிப் பிலிப்பைன்ஸ் நாட்டவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோரும் காத்திருந்தது லூர்து அக்காவுக்காக. இந்த விடியற்காலைச் செபத்துக்கு அவர் ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. எனக்கு முன்னமே வந்து நின்று, நான் வரும்போது மணிக்கூட்டைப் பார்ப்பதுதான் அவர் வழக்கம்.

ஐந்தரைக்கு என் கைபேசி அடித்தது. பேசியவர் ஜோசி. எங்கள் இல்லத்தில் தாதியாக இருப்பவர். லூர்து அக்காவின் கட்டடத்திலேயே மேல்மாடியில் குடியிருந்து, தினமும் அவரைக் கூட்டிக்கொண்டு வருபவர். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தன்னிடமிருந்த மறுதிறப்பால் திறந்தாராம். அக்கா வாசலடிக் கதிரையில் இருந்தாராம். கோட்டுப் போட்டு, சப்பாத்துக் கட்டி, கழுத்தில் சால்வையும் சுற்றி, எங்களுக்காக அவித்த அரிசிப் பணியாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, புறப்படத் தயாராக. மூச்சு மட்டும் இல்லை. இதயம் நின்றிருக்கிறது என்று பிறகு வந்த வைத்தியர் சொன்னார். அவருக்கு வயது அறுபத்தாறு.

நான் சொன்னதும் சிலர் அழுதார்கள். இரண்டு பேர் உடனே அக்காவின் வீட்டுக்கு ஓட வெளிக்கிட்டார்கள். இன்றைக்குச் செபம் இல்லைத்தானே என்று ஒருவர் மெல்லக் கேட்டார். நான் கதவைத் திறந்து லைட்டைப் போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்களுக்கு அரைவாசி தெரியும். தெரியாதவர்களுக்கு முழுக்கவும் சொல்ல வேண்டும்.

அவருடைய முழுப்பெயர் லூர்தெஸ். எங்கள் ஊர்க் கத்தோலிக்கரிடம் ஏற்கெனவே புழங்கும் பெயர் என்பதால் முதல் நாளே என் வாயில் அது லூர்து அக்கா ஆகிவிட்டது. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னர் நான் அந்தச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, விரிப்புகளை மடிப்பது எப்படி என்று காட்டித் தந்தவர் அவர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன். இருந்த சொற்களை வைத்து இத்தனை வருடம் கதைத்திருக்கிறோம் என்று நினைக்க இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. அவர் சொன்னவற்றை என் வாயில் வருகிற தமிழிலேயே தருகிறேன். அவர் கேட்டால் குறை சொல்ல மாட்டார்.

நான் சேர்ந்தது ஆகஸ்ட் மாதம். செப்டெம்பர் முதலாம் திகதி காலையில் வேலைக்குப் போனால், நடைபாதையில் பெரிய நட்சத்திரக் கூடு ஒன்று தொங்குகிறது. உடுப்புக் கொழுவிக் கம்பிகளை வளைத்து, நிறத்தாள் ஒட்டி, உள்ளே மின்குமிழ் வைத்துச் செய்தது. வெளியே சனம் ஆற்றில் நீந்திக்கொண்டிருக்கிறது, இவர் கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு நட்சத்திரம் கட்டிவிட்டார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தங்கள் நாட்டில் செப்டெம்பர் பிறந்தால் நத்தாரும் பிறந்த மாதிரித்தான் என்று அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். இல்லத்தில் மறதி நோயுள்ள முதியவர்கள் பலர் இருந்தார்கள். நட்சத்திரத்தைக் கண்ட ஒரு பாட்டா பரிசுப் பொதிகளைக் கேட்டு மூன்று நாள் அடம்பிடித்தார். அதன்பிறகு இல்லத் தலைவர் அதை நடைபாதையிலிருந்து கழற்றச் சொன்னார். அக்கா கழற்றிக்கொண்டுபோய்ச் சலவைக்கூடத்தில், உலர்த்தும் இயந்திரத்துக்கு மேலே மாட்டினார். ஒவ்வொரு வருடமும் அதன் இடம் அதுதான்.

விடியற்காலைச் செபம் அங்கே வந்து சேர்ந்ததும் இப்படி ஒரு முறைப்பாட்டால்தான். டிசம்பர் பதினாறு தொடங்கி இருபத்துநான்கு வரை ஒன்பது நாளும், விடிவதற்கு முன் எழுந்து கோயிலுக்குப் போவது அவர்களுடைய மரபு. சிம்பாங் காபி என்பார்கள். துன் நகரத்தில் அந்த நேரத்துக்குப் பூசை வைக்க எந்தக் குருவானவரும் இல்லை. ஆகவே அக்காவின் வீட்டில் கூடிச் செபமாலை சொல்லிப் பாடினார்கள். கீழ்வீட்டுக்காரர் கட்டட நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டுவிட்டார். ஆறு மணிக்கு முன்னர் சத்தம் கூடாது என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஜோசி கோபப்பட்டார். அக்கா கோபப்படவில்லை. "அந்த மனுசன்ர நித்திரையும் கடவுள் குடுத்ததுதானே" என்று சொல்லிவிட்டு வேறு இடம் தேடினார்.

நிலவறையில் கொங்கிறீட் சுவர். உள்ளே கொட்டு மேளம் அடித்தாலும் மேலே கேட்காது. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு இல்லத் தலைவரிடம் போனார். அவர் கனநேரம் யோசித்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். மெழுகுதிரி கொளுத்துவீர்களா? திறப்புக்கு யார் பொறுப்பு? மெழுகுதிரி கிடையாது, பற்றரி விளக்குத்தான் என்றார் அக்கா. இரண்டாவது கேள்விக்கு வாய் திறக்காமல் என்னைக் கையால் காட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலை வேலைக்குப் பொறுப்பாக என்னை அப்போதுதான் நியமித்திருந்தார்கள். மற்றத் திறப்பு வைத்திருந்த ஊழியர் ஏழு மணிக்குத்தான் வருவார். இப்படித்தான் சைவக்காரியான நான் அவர்களுடைய செபத்துக்குக் கதவு திறப்பவள் ஆனேன். சொர்க்க வாசலின் திறப்பு வைத்திருக்கும் அவர்களுடைய புனிதரின் பெயரைச் சொல்லி, "வணக்கம், சான் பேத்ரோ" என்று காலையில் என்னைக் கேலி செய்வார்.

மார்கழியில் பத்து நாள் விடியலில் முழுகிக் கோயிலுக்குப் போவது எனக்கும் புதிதல்ல. அதனால் ஏன் இந்தக் குளிரில் என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை. எங்களுக்குப் பத்து நாள், அவர்களுக்கு ஒன்பது நாள், ஒரு நாள் லாபம் என்று என் கணவர் பகிடி விட்டார். ஆனால் அவர்களுடைய ஒன்பதில் ஒரு கண்டிப்பு இருந்தது. ஒரு நாளும் விடாமல் ஒன்பதும் முடித்தால் மனதில் நினைத்துக் கேட்ட ஒரு காரியம் நிறைவேறும். அது என்னவென்று எவருக்கும் சொல்லக் கூடாது. சேர்ந்து பாடி முடிக்காத காலை கணக்கில் சேராது என்பது அக்கா தானாக வைத்திருந்த சட்டம். நான் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே போகாமல் கதவடியிலேயே நிற்பேன். பாட்டு முடிந்ததும் சுடச்சுட அரிசிப் பணியாரம் கையில் வரும்.

இரண்டாம் வருடம். ஆறு காலைகள் முடிந்திருந்தன. ஆறாம் நாள் பின்னேரம் சாவகச்சேரியிலிருந்து தொலைபேசி வந்தது. என் கணவரின் தகப்பனார், எங்கள் மாமா, காலமாகிவிட்டார். அடுத்த நாளே அங்கே எல்லாம் முடித்துவிடுவார்கள், போய்ச் சேரவும் முடியாது. கணவர் குசினிக் கதிரையில் இருந்தவர் இருந்தவர்தான். வீட்டில் துடக்கு. சாமி அறைக் கதவைச் சாத்தினேன். அதோடு இன்னொரு கதவையும் மனதுக்குள் சாத்தினேன். செத்தவீட்டுத் துடக்கோடு எங்கள் கோயில் படியையே மிதிக்க மாட்டோம், பிறகு இன்னொருவருடைய கும்பிடுமிடத்தை எப்படித் திறப்பது? துடக்குக்காரி தொட்ட திறப்பால் அவர்களுடைய ஒன்பது பழுதாகிவிடும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். வரமாட்டேன் என்று காலை ஐந்து மணிக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அந்த நேரத்தில் அவர்கள் ஏற்கெனவே கதவுக்கு முன்னால் நின்றார்கள். அந்தத் திறப்பு இல்லாமல் வேறு வழி இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூளைக்குள் ஏறவில்லை.

பனி கொட்டிய காலை அது. கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, என் செய்தியைப் பாராமலே எனக்காகக் காத்திருந்தார்களாம். முற்றத்திலேயே நின்று பாடுவோமா என்று ஒருவர் கேட்டதற்கு, மேலே முதியவர்கள் தூங்கும் யன்னல்களைக் காட்டி அக்கா மறுத்துவிட்டாராம். சத்தம் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்திருந்தார் அல்லவா. ஆறு மணிக்கு அவரவர் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த வருடத்து ஒன்பது ஏழாம் நாளில் உடைந்தது.

அன்று மாலை எங்கள் வீட்டு மணி அடித்தது. லூர்து அக்கா, ஜோசி, இன்னும் ஒருவர். கைகளில் சோற்றுச் சட்டியும் மரக்கறிச் சட்டியும். துடக்கு வீடு, உள்ளே வராதேங்கோ என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். ஏன் திறக்கவில்லை என்பதையும் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அழுதழுது விளங்கப்படுத்தினேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"எங்கட ஊரில செத்தவீட்டுக்காரரைத்தான் முன்வரிசையில இருத்துறது" என்றார். "நீர் ஏன் எங்கட்ட வராமல் வீட்டில நிண்டனீர்?"

உள்ளே வந்து என் கணவருக்கு முன்னால் இருந்து, முகம் தெரியாத எங்கள் மாமாவுக்காகச் செபமாலை சொன்னார். இறந்தவருக்கு ஒன்பது மாலை செபிப்பது அவர்கள் வழக்கமாம். ஒன்பது மாலையும் வந்தார். அதற்குள் இருபத்துநான்காம் திகதியும் வந்தது. அவர்களுக்கு வருடத்திலேயே பெரிய இரவு. குடும்பமாகச் சாமம் வரை காத்திருந்து சாப்பிடும் நாள். அன்றும் மேசையை விரித்து வைத்துவிட்டு முதலில் எங்களிடம்தான் வந்தார். எங்கள் மகள் அவருடைய கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்து ஆசி வாங்கினாள். பெரியவர்களுக்கு அவர்களுடைய பிள்ளைகள் செய்கிற மரியாதை அது. எங்கள் காலில் ஒரு நாளும் விழாத பிள்ளை.

திரும்பிப் போகும்போது செத்தவீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போகக் கூடாது, வழியில் எங்காவது தரிக்க வேண்டும் என்பார். ஸ்டேசனில் இறங்கி ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். நாங்கள் தலை முழுகுகிறோம், அவர்கள் தேத்தண்ணீர் குடிக்கிறார்கள் என்று என் கணவர் சொன்னார். மாமா செத்ததற்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஜனவரியில்தான் எனக்கு விசயம் தெரிந்தது. சொன்னவர் ஜோசி. அக்காவுக்கு ஊரில் ஒரு மகன், பெயர் பாவ்லோ. பேர்னில் ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தின் வீட்டு வேலைக்கென்று அக்கா இங்கே வந்தபோது அவனுக்கு நான்கு வயது. அவனைத் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தவர். நிரந்தர அனுமதி கைக்கு வந்து, பிள்ளையைக் கூப்பிட விண்ணப்பித்தபோது அவனுக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தது. ஜனவரியில் மறுப்புக் கடிதம் வந்தது. அந்த ஒன்பது காலைகளிலும் அவர் எதைக் கேட்டிருப்பார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு கிழமை அவருடைய முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை. கடைசியில் விரிப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேவிட்டேன். அந்த ஏழாம் நாளால்தானோ என்று.

"அந்தக் கடதாசியை எழுதின மனுசன் என்ர செபத்தைப் பாத்தோ கையெழுத்து வைக்கிறார்?" என்று சிரித்தார். விரிப்பின் மறு நுனியை என்னிடம் தந்தார். நாலைந்து விரிப்பு மடித்து முடித்தபிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "ஆனா வாற வருசம் நேரத்துக்கு வாரும்."

அந்த இரண்டாவது பேச்சுக்காகத்தான் நான் அவரை நேசிக்கத் தொடங்கினேன். பரவாயில்லை, பரவாயில்லை என்று என்னைத் தட்டிக்கொடுத்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவருக்கு நொந்தது. நொந்ததை மறைக்கவும் இல்லை, என் தலையில் கொட்டவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு காலையும் நான் தவறவில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். பஸ் ஓடாத பனியில் நடந்து போயிருக்கிறேன். அவரும் ஒவ்வொரு வருடமும் ஒன்பதையும் முடித்தார். ஆனால் மகனோடு ஒரு நத்தார் மேசையில் உட்காரவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோடையில் மூன்று கிழமை ஊருக்குப் போய் வருவார், அவ்வளவுதான். டிசம்பரில் சலவைக்கூடத்தில் எவருக்கும் விடுமுறை இல்லை என்ற அறிவித்தலை அச்சடித்துச் சுவரில் ஒட்டியவள் நான். மேலிடத்துச் சட்டம்தான். ஆனாலும் ஒட்டிய கை என்னுடையது. ஒருமுறையாவது மேலே போய் இவருக்காகக் கதைத்திருக்கலாம். அவர் கேட்கவில்லை, நானும் கதைக்கவில்லை. இப்போது இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற பிறகு, போன வருடம்தான் அவர் நத்தாருக்கு ஊருக்குப் போனார். இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு. விமானத்துக்குப் போகும் நாள் கூந்தலைச் சுருட்டிவிட்டு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். ஜனவரியில் திரும்பி வந்ததும் எப்படி அக்கா என்று ஆவலோடு கேட்டேன்.  தேத்தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். ஒன்பது காலையும் அங்கே சொந்தக் கோயிலில் முடித்தாராம். இருபத்துநான்காம் திகதி தன் கையால் பன்றித் தொடையிறைச்சி சமைத்தாராம். சின்ன வயதில் பாவ்லோவுக்கு அதில் உயிர். அவன் ஒரு துண்டை எடுத்து மெதுவாகச் சாப்பிட்டானாம். அவன் எட்டு வருடமாக இறைச்சியே தொடுவதில்லை, இவர் வந்து நிற்கும் நாட்களில் மட்டும் காட்டிக்கொள்வதில்லை என்று மருமகள் அடுத்த நாள் சொல்லித்தான் இவருக்குத் தெரியுமாம்.

"ஒவ்வொரு வருசமும் நான் கேட்டது நாலு வயசுப் பிள்ளையை" என்றார். "மேசையில இருந்தது முப்பத்திரண்டு வயசு ஆம்பிளை. நல்ல ஆம்பிளை. எனக்கு அவரைத் தெரியாது. இனி நான் கேக்கிறதை மாத்தோணும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மகனோடு தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினார். முன்னரும் கதைத்தவர்தான். ஆனால் முன்னர் சாப்பிட்டாயா, செபம் சொன்னாயா என்பதோடு முடிந்துவிடும். இப்போது அவனைக் கேள்வி கேட்டார். என்ன வேலை செய்கிறாய், என்ன பிடிக்கும், யாரோடு கோபம். கேட்டதை என்னிடமும் வந்து ஒப்புவிப்பார். இரவில் மீன்பிடிக்கப் போவானாம், மாம்பழம் பிடிக்காதாம், பாட்டு வராதாம். புதிதாகப் பழகிய ஓர் ஆளைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சந்தோசமாகச் சொல்வார்.

இந்த வருடம் செப்டெம்பர் முதலாம் திகதி நட்சத்திரத்தை மாட்ட அவரே வந்தார். ஏணியில் ஏறாதேங்கோ என்று நான் சத்தம் போட்டேன், ஏறினார். டிசம்பர் பதினாறும் பதினேழும் எனக்கு முன்னமே வந்து நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். இம்முறை என்ன கேட்கிறீங்கள் என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். சான் பேத்ரோவுக்கும் சொல்லக் கூடாது என்றார். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

பதினெட்டாம் திகதி நான் கதவைத் திறந்தது இதனால்தான். லைட்டைப் போட்டுவிட்டுத் திரும்பி, வெளியே நின்றவர்களிடம் சொன்னேன். "செத்தவீட்டுக்காரர் முன்வரிசையில இருக்கிறதெண்டு அவ எனக்குச் சொன்னவ. உள்ள வாங்கோ. அவவின்ர ஒன்பதில இன்னும் ஏழு கிடக்கு." அழுதுகொண்டே பாடினார்கள். பாட்டை முடித்தார்கள். பிறகுதான் அக்காவிடம் ஓடினோம்.

அதற்கடுத்த காலைகளில் கூட்டம் கூடியது. வின்டர்தூர் நகரத்திலிருந்து ஓர் அம்மா முதல் நாளே வந்து ஜோசி வீட்டில் தங்கி நின்றார். இருபத்திரண்டாம் திகதி, அந்தப் பழைய ஏழாம் நாள், நான் நான்கரைக்கே போய் நின்றேன். 

நேற்று ஒன்பதாம் காலை. வழக்கம்போலத் திறந்துவிட்டுக் கதவடியில் நின்றேன். ஜோசி வந்து என் கையைப் பிடித்தார். முன்வரிசையில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. அக்காவுக்காக விட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். உமக்குத்தான் என்றார். இரத்த உறவு ஒன்றுமில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை விடவில்லை. போய் இருந்தேன். பதினேழு வருடம் வெளியே நின்று கேட்ட பாட்டை முதன்முறையாக உள்ளே இருந்து கேட்டேன். நானும் ஒன்று கேட்டேன். அது என்னவென்று எழுத மாட்டேன்.

பாட்டு முடிந்ததும் ஜோசி கைபேசியை என் முன்னால் நீட்டினார். பிலிப்பைன்ஸில் அப்போது பட்டப்பகல். திரையில் முப்பத்து மூன்று வயது பாவ்லோ, தாயின் நெற்றியும் தாயின் புருவமும். அம்மாவின் சாம்பலை ஜனவரியில் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கப்போவது ஜோசி. அதைப் பற்றி ஏதும் கேட்கப்போகிறார் என்று எண்ணினேன். திறப்பு வைத்திருக்கிற அக்கா நீங்களா என்று கேட்டார். ஓம் என்றேன்.  பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார். ஜோசி அதை எனக்கு ஜெர்மனில் சொன்னார்.

"அம்மான்ர ஒன்பதும் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது, தம்பி" என்றேன். "ஒண்டும் விடேல்லை."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

எல்லோரும் போனபிறகு நட்சத்திரத்தின் லைட்டை அணைக்காமல் விட்டுவிட்டு, கதவைப் பூட்டினேன். நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டேசனில் இறங்கி, அவர் நிற்கும் அதே கடையில் நின்று ஒரு தேத்தண்ணீர் குடித்தேன். இன்று நத்தார். மத்தியான வெயிலில் ஏரி தெரிய இருந்து இதை எழுதுகிறேன். திறப்புக் கோர்வை மேசையில் கிடக்கிறது.

போயிட்டு வாங்கோ, லூர்து அக்கா. வாற வருசமும் நான் நேரத்துக்கு வருவன்.